வாஷ் பேசின் அடியில் ஒழுகுகிறதா? ட்ராப்பை வாங்கும் முன் சுவருக்குள் இருக்கும் குழாயைப் பாருங்கள்

சென்னை நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: 1984-ல் கட்டிய தனி வீடு. குளியலறை வாஷ் பேசினுக்குக் கீழே இருக்கும் பித்தளை பாட்டில் ட்ராப் (அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்து நாற்றத்தைத் தடுக்கிற கிண்ணம்) பல மாதமாக ஒழுகுகிறது, இரண்டு தடவை எம்-சீல் பசை போட்டும் நிற்கவில்லை, தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, காலையில் கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம். பார்க்க வந்தவர் ‘டைல்ஸ் எல்லாம் உடைத்தால்தான் சார் ஆகும்’ என்று சொல்லிவிட்டார். உடைக்காமல் முடியுமா, நாமே மாற்றலாமா, எம்-சீல் ஏன் நிற்கவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி.

பெரும்பாலும் முடியும், நீங்களே மாற்றலாம். ஆனால் உடைக்க வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரிகிற ட்ராப் அல்ல, சுவருக்குள் போகிற அந்த ஒன்றரை அடி குழாய்தான். அதைப் பார்க்காமல் கடைக்குப் போய்ப் புது ட்ராப் வாங்கி வந்து மாட்டுகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து மறுபடி அதே இடத்தில் பக்கெட் வைக்கிறார்கள். பழைய வீடுகளில் இந்த வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். ஈரம் எப்போதும் கீழே இறங்கி வந்து ட்ராப்பின் அடியில்தான் சொட்டும், அதனால் எல்லோரும் ட்ராப்தான் போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு துணியால் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பேசினின் அடைப்பானைப் போட்டுத் தண்ணீரை நிரப்பி, பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். நிரம்பி நிற்கும்போதே கீழே ஈரம் வந்தால் கோளாறு மேலே, பேசினும் வேஸ்ட் கப்ளிங்கும் (பேசின் ஓட்டையில் பொருத்திய வடிகட்டி) சேரும் இடத்தில் இருக்கிறது. நிற்கும்போது ஒன்றுமில்லை, அடைப்பானை எடுத்ததும் சொட்டுகிறது என்றால் கப்ளிங்கின் மரை வழியாகவோ ட்ராப்பின் நட்டு வழியாகவோ வருகிறது. ட்ராப்பில் ஒன்றுமே இல்லை, சுவரில் குழாய் நுழையும் வாயில்தான் ஈரம் என்றால் அது மூன்றாவது வகை, அதுதான் கவலைப்பட வேண்டிய வகை. ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி ஒவ்வொரு இணைப்பிலும் தொட்டுப் பாருங்கள், விரலுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரிந்துவிடும்.

எம்-சீல் ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது காய்ந்த, சுத்தமான, கொஞ்சம் சொரசொரப்பான பரப்பில்தான் பிடிக்கும். நாற்பது வருஷ குரோம் பூச்சுக்கு மேலே போர் தண்ணீரின் உப்பு படிந்து, அதற்கு மேல் சோப்பு எண்ணெய் படிந்து, உள்ளேயிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும் இடத்தில் எதை அப்பினாலும் அது தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டாது. இன்னொன்று, உங்கள் ட்ராப்பின் உலோகமே போயிருக்கலாம். உப்புத் தண்ணீரில் பல வருஷம் இருக்கும் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், மிச்சம் செம்பு நிறத்தில் கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். பார்க்க முழுசாக இருக்கும், ஸ்பேனர் வைத்து அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உடையும். ட்ராப்பின் அடியில் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதை ரிப்பேர் செய்ய நினைக்காதீர்கள், கழற்றிப் போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது சுவருக்குள். இதற்கு மெயின் வால்வை மூட வேண்டிய அவசியம் இல்லை, வடிகால் பக்கத்தை மட்டும்தான் தொடப்போகிறோம். குழாயின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், அது போதும். வீட்டில் யாராவது பழக்கத்தில் வந்து திறந்துவிட்டால் அத்தனையும் உங்கள் தலையில் விழும், அதற்காகத்தான் துணி. பழைய ஆங்கிள் காக்கை, அதாவது பேசின் குழாய்க்குத் தண்ணீர் விடுகிற சுவரோர வால்வை, திருகவே திருகாதீர்கள். பல வருஷமாக அசையாத ஆங்கிள் காக்கைத் திருகினால் அதன் தண்டுப் பக்கம் ஒழுக ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும்.

கீழே அகலமான பாத்திரம் ஒன்றை வைத்துவிட்டு ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் கழற்றுங்கள். கறுப்பாக, முடியும் எண்ணெயும் பேஸ்ட்டும் சேர்ந்து உருண்டையாக ஒன்று வரும். தேங்காய் எண்ணெய் தேய்க்கிற வீடுகளில் இது கெட்டியாகவே இருக்கும். தண்ணீர் மெதுவாக இறங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிறகு ட்ராப்பின் மேல் நட்டையும் சுவர்ப்பக்க இணைப்பையும் கழற்றி மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்துச் சுவர்க் குழாயின் வாய்க்குள் பாருங்கள்.

1984 வீடு என்றால் அனேகமாக ஒன்றேகால் இஞ்ச் ஜிஐ குழாயாக (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கும். அதன் வெளி விட்டம் சுமார் 42 மில்லிமீட்டர், உள் விட்டம் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 36. இப்போது கடையில் கிடைக்கும் 32 மில்லிமீட்டர் பாட்டில் ட்ராப்பின் வால் குழாய், அதாவது சுவருக்குள் போகிற குழாய், வெளிப்பக்கம் 32 மில்லிமீட்டர். அதாவது உங்கள் சுவர்க் குழாய் உள்ளே நன்றாக இருந்தால், புது ட்ராப்பின் வால் அதற்குள்ளேயே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். மரை, சாக்கெட் எதுவும் வேண்டாம். வடிகாலில் எப்போதும் மேலே இருந்து வருகிற குழாய் அடுத்ததன் உள்ளே நுழைய வேண்டும், தண்ணீர் போகிற திசையில். மாற்றிச் செருகினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் வெளியே கசியத்தான் செய்யும். ஜிஐ உள்ளே துருவேறிச் சுருங்கியிருந்தால் 32 மில்லிமீட்டர் நுழையாது. முதல் இரண்டு இஞ்ச் மட்டும்தான் அடைத்திருக்கிறது என்றால் அரத்தாலோ பழைய ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டி எடுத்துவிடலாம். பொறுமையாகச் சுரண்டுங்கள், சுத்தியல் வேண்டாம்.

இந்த இடத்தில் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ வாங்கி வைக்கிற ஆசிட், ஜிஐ குழாயின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சைத்தான் முதலில் தின்னும், அடுத்து இரும்பை. வாராவாரம் பேசினில் ஆசிட் ஊற்றிய வீடுகளில்தான் சுவர்க் குழாய் சல்லடையாகப் போயிருப்பதைப் பார்க்கிறேன். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், கதவைச் சாத்திய சின்ன குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாயைச் சுத்தம் செய்தாயிற்று என்றால் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிப் புனல் மாதிரி ஆக்கி, ஒரு துண்டு ஹோஸ் குழாயை அதில் மாட்டி, மறுமுனையைச் சுவர்க் குழாய்க்குள் அரை அடி விட்டு, முதலில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஒரு பக்கெட் முழுவதும், நிறுத்தாமல். எங்கே வெளியே வருகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறைக்குள்ளேயே தரையிலிருக்கும் நஹானி ட்ராப்பில் (தரை வடிகாலில்) வந்து விழலாம், அல்லது வெளிச் சுவர் தாண்டி கல்லி ட்ராப்பில் (வீட்டுக்கு வெளியே இருக்கும் வடிகால் தொட்டியில்) விழலாம். ஊற்றிய வேகத்தில் வந்து விழுந்தால், ஒரு மணி நேரம் கழித்தும் சுவரின் மறுபக்கத்திலோ தரையை ஒட்டிய டைல்ஸ் இடுக்கிலோ புதிதாக ஈரம் இல்லையென்றால், உங்கள் சுவர்க் குழாய் இன்னும் சில வருஷம் தாங்கும், யாரும் எதையும் உடைக்க வேண்டாம். தண்ணீர் திரும்பி வந்தாலோ, ஊற்றியதில் பாதிதான் வெளியே வந்தாலோ, சுவரில் ஈரம் பூத்தாலோ உள்ளே குழாய் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்போதும் குளியலறை முழுக்க உடைக்கத் தேவையில்லை. பேசின் அடியிலிருந்து தரை வரை, கையகலத்துக்கு ஒரு பட்டை, இரண்டு மூன்று டைல்ஸ். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. உடைப்பதானால் மறுபடி ஜிஐ போடாதீர்கள், 40 அல்லது 50 மில்லிமீட்டர் பிவிசி போடுங்கள், எல்போ (வளைவுத் துண்டு) இரண்டுக்கு மேல் வேண்டாம், படுக்கையாகப் போகும் இடத்தில் அடிக்குக் கால் இஞ்ச் சரிவு இருக்கட்டும். உடைக்கவே மனசில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செத்துப்போன சுவர்க் குழாயை அடைத்துவிட்டு, சுவரை ஒட்டி வெளியே தெரிகிற மாதிரி பிவிசி குழாயை இறக்கி நஹானி ட்ராப்பின் ஜாலியில் (மேலே மூடியிருக்கும் சல்லடை மூடியில்) விடுவது. நடுவில் ஓட்டை வைத்த ஜாலி கடையில் கேட்டால் கிடைக்கும். அழகாக இருக்காதுதான், ஆனால் எது நடந்தாலும் கண்ணுக்குத் தெரியும், கழற்றிக் கழுவலாம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் பழைய வீட்டுக்கு இதையே நான் முதலில் சொல்வேன். இரண்டாவது, பேசின் இருப்பது வெளிச் சுவர் என்றால் கோர் கட்டிங் மிஷினால் ஒரு ஓட்டை போட்டு நேராக வெளியே எடுத்து கல்லி ட்ராப்பில் விடுவது. தரைத்தளத் தனி வீடு என்பதால் உங்களுக்கு இது எளிது.

ஒரு எச்சரிக்கை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஜிஐ துண்டின் மரை அரித்துப் போயிருக்கிறதே, கழற்றிப் புதுசு போடலாம் என்று பைப் ரெஞ்ச் போட்டுத் திருகாதீர்கள். அந்தத் துண்டு உள்ளே ஒரு எல்போவில் முடிகிறது. வெளியே நீங்கள் கொடுக்கிற முறுக்கு முழுவதும் அந்த எல்போவுக்குப் போகும், அது நாற்பது வருஷமாகத் துருவில் கட்டிப்போய் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழாய் உள்ளே விண்டுபோய், சும்மா இருந்த சுவரை உடைக்கும்படி ஆனதை இரண்டு வீடுகளில் பார்த்தேன். அரித்த முனையை ஹேக்ஸா பிளேடால் நேராக வெட்டிவிட்டு, மரையை மறந்துவிட்டு, வாலை உள்ளே செருகுகிற வழிக்கு வாருங்கள்.

அடுத்தது வேஸ்ட் கப்ளிங், பேசினின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டை வடிகட்டி. ‘ட்ராப்தானே ஒழுகுகிறது, கப்ளிங் எதற்கு’ என்று தோன்றும். பழைய கப்ளிங்கின் மரையில் புது ட்ராப்பின் நட்டு சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் நீங்கள் திருகும்போது கப்ளிங் தன் இடத்தில் லேசாகச் சுற்றிவிடும், அத்துடன் மேலே இருந்த பழைய பூச்சு விட்டுவிடும். ட்ராப்பை மாற்றும் நாளிலேயே கப்ளிங்கையும் மாற்றிவிடுங்கள், பேசினிலிருந்து சுவர் வரை இருப்பது ஒரே சங்கிலி.

கழற்றுவதில்தான் ஆபத்து. எங்கள் பெரியப்பா வீட்டில், கும்பகோணத்தில், வெளிர் பச்சை நிற பேசின் ஒன்று இருந்தது. கப்ளிங்கைக் கழற்ற வந்தவர் கீழே நட்டு அசையவில்லை என்று மேலே வடிகட்டியின் குறுக்குக் கம்பியில் கம்பியை விட்டு நெம்பினார். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. ஓட்டையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. அந்த நிறத்தில் பேசின் எங்கும் கிடைக்கவில்லை, அதே அளவிலும் கிடைக்கவில்லை, கடைசியில் பிராக்கெட் வரைக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. பீங்கான் அமுக்கினால் தாங்கும், முறுக்கினால் தாங்காது.

அதனால் நட்டு கையாலோ ஸ்பேனரின் முதல் இழுப்பிலோ அசையவில்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, நட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அறுங்கள். மரை தெரிகிற அளவு அறுத்ததும் அந்தப் பிளவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினால் நட்டு விண்டு விழும். நேரம் ஆகும், இருபது நிமிஷம் கூட ஆகலாம், கை வலிக்கும், ஆனால் பேசின் பிழைக்கும். நட்டு போன பிறகு கப்ளிங்கை அடியிலிருந்து உள்ளங்கையால் தட்டினால் மேலே வந்துவிடும். பழைய ஆட்கள் சணலும் ஒயிட் லெட்டும் வைத்திருப்பார்கள், அது கல்லாக இறுகியிருக்கும். பிளேடால் படுக்கவாட்டில் சீவி எடுங்கள். ஒயிட் லெட் ஈயம் என்பதால் அந்தத் தூளை ஈரத் துணியால் துடைத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். இதற்கெல்லாம் முன்பு பேசின் தன் பிராக்கெட்டில் ஆடாமல் இருக்கிறதா என்றும் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள், துருப்பிடித்த பிராக்கெட் என்றால் கீழே ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைக்குப் போகும்போது கழற்றிய பொருட்களை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், அளவைச் சொல்லி வாங்காதீர்கள். இதில் பலர் ஏமாறுவது 32 என்ற எண்ணில். வேஸ்ட் கப்ளிங் 32 மில்லிமீட்டர் என்றால் அது ஒன்றேகால் இஞ்ச் மரை, அளந்து பார்த்தால் மரையின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 42 வரும். ஆனால் பிவிசி குழாயில் 32 என்று போட்டிருந்தால் அதன் வெளி விட்டமே 32. ஒரே எண், இரண்டு பொருள். பழைய துண்டைக் கையில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்கினால் இந்தக் குழப்பமே வராது.

கப்ளிங்கில் ஃபுல் த்ரெட், ஹாஃப் த்ரெட் என்று இரண்டு உண்டு. உங்கள் பேசினின் உள் பக்கம் மேலே, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள். நிரம்பி வழியாமல் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கி கப்ளிங்கின் பக்கவாட்டு ஓட்டைக்குள் வரும். அந்த ஓட்டை இருந்தால் பக்கவாட்டில் துளை வைத்த ஹாஃப் த்ரெட், இல்லையென்றால் ஃபுல் த்ரெட். மாற்றி வாங்கி மாட்டினால் பேசினின் உள்சுவரில் தண்ணீர் தேங்கி நாறும். நீங்கள் சொன்ன நாற்றத்தில் கொஞ்சம் அந்த ஓட்டையிலிருந்தும் வரலாம், பழைய டூத் பிரஷ்ஷை வளைத்து உள்ளே விட்டுத் தேய்த்துக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுங்கள்.

ட்ராப் பித்தளையா பிளாஸ்டிக்கா? பெடஸ்டல் (பேசினைத் தாங்கும் பீங்கான் தூண்) பின்னாலோ அலமாரிக்குள்ளோ மறைகிற இடம் என்றால் தயங்காமல் பிளாஸ்டிக் பாட்டில் ட்ராப். உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, கையால் திறந்து கழுவலாம். வெளியே தெரிகிற இடம், பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றால் பித்தளை, ஆனால் கையில் எடுத்துக் கனம் பாருங்கள், காகிதம் மாதிரி இருப்பதை வாங்காதீர்கள். மடக்கு மடக்கான வேஸ்ட் பைப் மட்டும் போட்டு முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த மடிப்பு ஒவ்வொன்றிலும் அழுக்கு தங்கும், அதில் தண்ணீர் நிற்கிற வளைவு இல்லையென்றால் கரப்பான் நேராக ஏறி வரும். ‘கீழே நஹானி ட்ராப் இருக்கிறதே, அது நாற்றத்தைத் தடுக்காதா’ என்றால், சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும். ஆனால் பேசினுக்கும் நஹானிக்கும் நடுவில் இருக்கிற குழாயின் உள்சுவரே பாசி பிடித்து நாறும், அதற்கு பேசின் அடியிலேயே ஒரு ட்ராப் வேண்டும். கிண்ணத்தில் இரண்டு மூன்று இஞ்ச் தண்ணீர் எப்போதும் நிற்பதுதான் காவல். மாசக்கணக்கில் பூட்டி வைக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் காய்ந்துபோய் நாற்றம் வரும், ஒரு மக் ஊற்றினால் சரியாகிவிடும்.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். பேசின் ஓட்டையின் மேல், கீழ் இரண்டு பக்கமும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கப்ளிங்கின் தலைக்கு அடியில் சுற்றிலும் சிலிக்கான் பசையால் ஒரு மெல்லிய வளையம், உள்ளே இறக்குங்கள், பக்கத்துளை இருந்தால் அது பேசினின் மேல் ஓட்டை இருக்கும் பக்கத்தை நோக்கட்டும். கீழே முதலில் ரப்பர் வாஷர், அடுத்து பிளாஸ்டிக் வாஷர், பிறகு நட்டு. ஹாஃப் த்ரெட் கப்ளிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்துளைக்குள் வருகிற தண்ணீர் மரையின் பள்ளம் வழியாகவே சுற்றிச் சுற்றி இறங்கி நட்டுக்கு அடியில் சொட்டும், வாஷர் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும். அதனால் ரப்பர் வாஷர் உட்காரும் இடத்தில் மரைக்குள்ளேயே கொஞ்சம் சிலிக்கான் தேய்த்துவிடுங்கள். பலருக்குப் புது கப்ளிங் போட்டும் ஒழுகுவதற்கு இதுதான் காரணம். ஒருவர் மேலே கப்ளிங் சுற்றாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழே நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று.

ட்ராப்பை மாட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது, இந்தக் குழாயில் அழுத்தம் கிடையாது. தண்ணீர் தானாக விழுந்து தானாகப் போகிறது. டேங்க் லைன் மாதிரி மூச்சைப் பிடித்து இறுக்க வேண்டிய இடமே இல்லை. இங்கே ஒழுகுவது இறுக்கம் போதாமல் இல்லை, குழாய்கள் கோணலாகச் சேர்வதால். ட்ராப் நேராகத் தொங்க வேண்டும், வால் சுவருக்குள் லேசாகச் சரிந்து போக வேண்டும், ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார வேண்டும். வால் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள், வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் முடி அங்கேதான் மாட்டும். சுவர்க் குழாய்க்குள் இரண்டு இஞ்சாவது போகட்டும், ஆனால் உள்ளே எல்போவில் இடிக்கிற அளவு தள்ளாதீர்கள். இடைவெளியை சிமென்ட்டால் பூசாதீர்கள், அடுத்த தடவை கழற்றவே முடியாது. ஒரு ரப்பர் வளையம், அதன் மேல் சிலிக்கான், அதை மூட ஒரு ஃபிளாஞ்ச் (சுவரோடு ஒட்டி உட்காரும் வட்டத் தகடு). ட்ராப்பின் நட்டுக்கு ரப்பர் வாஷர் இருக்கும்போது டெஃப்லான் டேப் தேவையில்லை, அது வாஷரைச் சரியாக உட்கார விடாது.

சிலிக்கானுக்கு ஒரு நாள் முழுதாகக் கொடுங்கள். மறுநாள் பேசினை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், கீழே காய்ந்த செய்தித்தாள் விரித்திருக்கட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டமாகத் தெரியும். ராத்திரி படுக்கப் போகும்போது புதுத் தாள் ஒன்றை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் கையால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள், ரப்பர் அமுங்கியிருந்தால் லேசாகத் தளர்ந்திருக்கும், கையாலேயே இறுக்கிக்கொள்ளலாம்.